உலக சாதனை படைத்தும் ஏன் வெள்ளி? எங்கட பக்கத்துப் பொடியனுக்கு வழி எது?

களுவாஞ்சிகுடியிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். பார்த்தால் ஒரு கேள்வி, உள்ளே மூன்று இருக்கிறது. பாரிஸ் பராலிம்பிக்கில் சமித துலான் கொடித்துவக்கு ஈட்டி எறிந்து உலக சாதனை படைத்தார் என்று செய்தியில் சொன்னார்கள், பிறகு வெள்ளிப் பதக்கம் என்றார்கள், அது எப்படி? இது முதலாவது. இலங்கையின் பராலிம்பிக் பதக்க மேடையில் எங்கட மட்டக்களப்பு, அம்பாறைச் சனத்தை ஏன் காணோம்? இது இரண்டாவது. மூன்றாவதுதான் அவரைத் தூங்கவிடாத கேள்வி: அக்காவின் மகனுக்கு 19 வயது. மோட்டார் சைக்கிள் விபத்தில் வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். இருந்தும் தோணியில் இருந்தபடியே வாவியில் வீச்சு வலை எறிகிறான், தோளில் நல்ல பலம். இவனை எங்கே கொண்டுபோய்க் காட்டுவது?

முதலாவதை முதலில் முடிப்போம், அது சுகம்.

2024 செப்டெம்பர் 2ஆம் திகதி, ஸ்டாட் டி பிரான்ஸ் மைதானம். போட்டியின் பெயர் ஆண்கள் எஃப் 64 ஈட்டி எறிதல். பெயர் ஒன்றென்றாலும் அதற்குள் இரண்டு வகுப்பார் சேர்ந்து எறிகிறார்கள். முழங்காலுக்குக் கீழே காலை இழந்து செயற்கைக் கால் பூட்டிக்கொண்டு எறிபவர்கள் எஃப் 64. ஒரு காலின் கீழ்ப்பகுதி பாதிக்கப்பட்டும் செயற்கைக் கால் போடாமல் எறிபவர்கள் எஃப் 44. சமித இந்த எஃப் 44 வகுப்புக்காரர். அன்று அவர் எறிந்தது 67.03 மீற்றர். எஃப் 44 வகுப்பில் அதுவரை உலகத்தில் எவரும் அவ்வளவு தூரம் எறிந்ததில்லை. ஆனால் அதே போட்டியில் இந்தியாவின் சுமித் அன்டில் 70.59 எறிந்தார், அவர் எஃப் 64. சுமித்தின் வகுப்பில் உலக சாதனை இதைவிடத் தூரம், 73.29, அதுவும் அவருடையதுதான், சீனாவின் ஹாங்சூவில் எறிந்தது. ஆக, சாதனைப் பட்டியல் வகுப்புக்கு ஒன்று, பதக்கம் போட்டிக்கு ஒன்று. எஃப் 44 ஈட்டிக்கென்று தனிப் போட்டி அங்கே இல்லாததால், அளவுநாடா சொன்னபடி சமிதவுக்கு வெள்ளி. ஏமாற்று ஒன்றும் இல்லை.

வகுப்புக்கள் குறைந்த வீரர்களோடு தனித்தனியாகப் போனால் மூன்று பேருக்கு மூன்று பதக்கம் என்று போட்டியே பெறுமதி இழந்துவிடும், அதனால் சேர்க்கிறார்கள். சேர்க்கும்போது யாரோ ஒருவருக்கு நட்டம் வரத்தான் செய்யும். இந்த முறை அது எங்கட ஆளுக்கு.

அணியின் முழுக்கதையையும் சுருக்கமாகப் பார்த்துவிடலாம், ஏனென்றால் இரண்டாவது கேள்விக்கான பதில் அதற்குள்தான் இருக்கிறது. இலங்கை பராலிம்பிக்குக்குப் போகத் தொடங்கியது 1996 அட்லாண்டாவில். முதல் பதக்கத்துக்கு 2012 லண்டன் வரை காத்திருக்க வேண்டியிருந்தது: பிரதீப் சஞ்சய, 400 மீற்றர் ஓட்டம், ரி 46 (ஒரு கை பாதிக்கப்பட்ட ஓட்டக்காரர் வகுப்பு), வெண்கலம். 2016 ரியோவில் தினேஷ் பிரியந்த ஹேரத் எஃப் 46, அதாவது ஒரு கை பாதிக்கப்பட்டவர்களின் வகுப்பு, ஈட்டியில் 58.23 மீற்றர் எறிந்து வெண்கலம். அதே தினேஷ் 2021 ஓகஸ்ட் 30ஆம் திகதி டோக்கியோவில் 67.79 எறிந்தார். பராலிம்பிக்கில் இலங்கையின் முதல் தங்கம், கூடவே உலக சாதனை. அதுவரை சாதனையை வைத்திருந்த இந்தியாவின் தேவேந்திர ஜஜாரியாவும் அன்று தன் பழைய 63.97 ஐத் தாண்டி 64.35 எறிந்தார், ஆனாலும் அவருக்கு வெள்ளிதான். அதே நாளில் வேறு போட்டியான எஃப் 64 ஈட்டியில் சமித துலான் 65.61 எறிந்து வெண்கலம். பிறகு பாரிஸ் வெள்ளி. மொத்தம் ஐந்து பதக்கம், அதில் நான்கு ஈட்டியால் வந்தது.

ரியோவுக்கும் டோக்கியோவுக்கும் இடையில் ஒரே மனிதர் ஒன்பதரை மீற்றர் கூட்டியிருக்கிறார். ஈட்டி எறிதல் தெரிந்த யாரிடமாவது இதைச் சொல்லிப் பாருங்கள், அவர் ஒரு கணம் பேசமாட்டார். 58இல் நிற்கும் ஒருவரை 60க்குக் கொண்டுவருவதற்கே ஒரு பருவம் போய்விடும். ஐந்து வருடம் ஒருவர் வேறு வேலை பாராமல், நாளுக்கு இரண்டு வேளை, பயிற்றுநரின் கண்முன்னால் எறிந்தால் ஒழிய இது நடவாது. இந்த இடத்தைக் குறித்து வையுங்கள், திரும்ப வருவேன்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். தினேஷின் சாதனையை 2023இல் ஹாங்சூவில் சுந்தர் சிங் குர்ஜார் 68.60 எறிந்து எடுத்துக்கொண்டார். பாரிஸில் எஃப் 46 ஈட்டியில் தங்கம் வென்ற கியூபா வீரரின் தூரம் 66.14. இரண்டாம் மூன்றாம் இடம் இந்தியாவுக்கு. டோக்கியோவில் தினேஷ் எறிந்த தூரத்தைப் பாரிஸில் எறிந்திருந்தால் தங்கம்! ஆனால் அந்த மேடையில் இலங்கையே இல்லை. பாரிஸுக்குப் போன எட்டுப் பேரில் ஆறு பேர் மெய்வல்லுநர், ஒருவர் நீச்சல், ஒருவர் சக்கர நாற்காலி டெனிஸ். அந்த ஆறில் ஒரே ஒரு பெண். ஒருவர் விட்ட இடத்தைப் பிடிக்க இந்தியாவிடம் நான்கைந்து பேர் வரிசையில் நிற்கிறார்கள், எங்களிடம் ஒருவர் ஓய்ந்தால் அந்த இடம் வெறுமை. "தேசிய அணியின் எழுச்சி" என்று பத்திரிகைகள் எழுதுவதை நான் அவ்வளவாக நம்புவதில்லை. இது இரண்டு ஈட்டிக்காரரும் ஓர் ஓட்டக்காரரும் தங்கள் தோளில் தூக்கி வந்த சாதனை.

இனி இரண்டாவது கேள்வி. அந்த மூன்று பேரும் இராணுவத்தினர். பிரதீப், தினேஷ், சமித, மூவரும். தினேஷ் 2008 கடைசியில் கிளிநொச்சிப் பக்கச் சண்டையில் இடது கையில் காயப்பட்டவர்.

இதைச் சொன்னவுடன் எங்கட பக்கத்தில் இரண்டு விதமாகப் பேசுவார்கள். "அவங்களுக்குத்தானே எல்லாம்" என்று முகத்தைத் திருப்புவது ஒன்று. "விளையாட்டில் அரசியல் வேண்டாம்" என்று வாயை மூடுவது மற்றது. எனக்கு இரண்டும் சரிவருவதில்லை. டோக்கியோ எறிதலை நான் கைதட்டித்தான் பார்த்தேன், ஒரு கை பாதிக்கப்பட்டு உடம்பின் சமநிலை மாறிப்போன ஒருவர் 800 கிராம் ஈட்டியை அவ்வளவு தூரம் அனுப்புவது என்ன வேலை என்று தெரியும். அதேவேளை, அதே யுத்தத்தில் எதிர்ப்பக்கம் நின்றவர்களிலும், நடுவில் அகப்பட்ட சனத்திலும் கை கால் போனவர்கள் படுவான்கரையில் எந்தக் கிராமத்துக்குப் போனாலும் இருக்கிறார்கள். வெல்லாவெளியிலும் இருக்கிறார்கள், திருக்கோவிலிலும் இருக்கிறார்கள். அவர்களில் யாருக்கும் ஈட்டி எறியத் தெரியாமல் போனதால் அவர்கள் அங்கே இல்லை என்று நான் நினைக்கவில்லை. காயப்பட்ட இராணுவ வீரருக்குப் பின்னால் ஓர் ஏற்பாடு இருந்தது, மற்றவர்களுக்கு இல்லை.

அந்த ஏற்பாட்டைப் பிரித்துப் பார்ப்போம். காயப்பட்ட வீரரைப் படை வீட்டுக்கு அனுப்பிவிடுவதில்லை. அவர் சேவையில் இருப்பார், மாதம் முடிந்தால் சம்பளம் வரும். ராகமையில் ரணவிரு செவண என்ற புனர்வாழ்வு நிலையம் இருக்கிறது, அங்கே செயற்கைக் காலும் உடற்பயிற்சிச் சிகிச்சையும் விளையாட்டும் ஒரே வளவுக்குள் கிடைக்கும். இராணுவத்துக்கென்று தனியாகப் பரா விளையாட்டுப் போட்டி நடக்கிறது. அதில் ரெஜிமென்டுக்கு ரெஜிமென்ட் போட்டி என்பதால் திறமையான ஒருவரைக் கண்டுபிடித்துத் தருவது மேலதிகாரிக்கும் கௌரவம். பயிற்றுநர் படையின் ஆள். தங்குமிடம், சாப்பாடு, வாகனம், எல்லாம் படையினுடையது. வென்றால் பதவி உயர்வும் கோடிக்கணக்கில் அரசாங்கப் பரிசும். இதில் முதலில் சொன்ன ஒன்றுதான் உயிர்நாடி: மாதச் சம்பளம். மற்றவற்றையெல்லாம் எப்படியாவது கடன்பட்டோ கேட்டோ சமாளிக்கலாம். ஐந்து வருடம் எறிந்துகொண்டிருக்கும்போது வீட்டில் அடுப்பு எரிய வேண்டும் அல்லவா, அதைச் சமாளிக்க முடியாது. 58இலிருந்து 67க்குப் போன கதை அந்தச் சம்பளத்தின் கதை.

படை இல்லாமல் இது நடவாதா என்று கேட்டால், நடக்கும். கண்ணுக்கு எட்டிய தூரத்தில் தமிழ்நாடு. பாரிஸில் இந்தியா எடுத்த 29 பதக்கங்களில் நான்கு தமிழ்நாட்டு வீரர்களுடையவை: சேலத்து மாரியப்பன் உயரம் பாய்தலில் வெண்கலம், பட்மின்டனில் துளசிமதிக்கு வெள்ளி, மனிஷாவுக்கும் நித்யஸ்ரீக்கும் வெண்கலம். இவர்கள் போருக்குப் போனவர்கள் அல்ல. சாதாரண வீட்டுப் பிள்ளைகள். பயிற்சிக்கு அரசாங்கப் பணமும், பயிற்றுநரும், போட்டிக்கு அனுப்ப ஓர் அமைப்பும் கிடைத்தன. அந்த மூன்றும் குடிமக்களுக்கும் கிடைக்குமாறு செய்தால், மேடையில் நிற்கும் முகங்களும் மாறும்.

இங்கே சட்டத்தில் ஓர் ஓட்டை அல்ல, ஒரு கதவே இருக்கிறது. 1988இல் வந்த 27/88 இலக்கப் பொது நிர்வாகச் சுற்றறிக்கை அரச வேலை வெற்றிடங்களில் நூற்றுக்கு மூன்றை மாற்றுத்திறனாளிகளுக்கு ஒதுக்கச் சொல்கிறது. 1996இன் 28ஆம் இலக்க மாற்றுத்திறனாளிகள் உரிமைப் பாதுகாப்புச் சட்டமும் இருக்கிறது. ஒரு பிரதேச சபையில், ஒரு வைத்தியசாலையில், அந்த மூன்று வீதத்தில் ஒரு சிற்றூழியர் இடத்தைத் திறமையான ஒரு பரா வீரருக்குக் கொடுத்து, காலையும் மாலையும் பயிற்சிக்கு விடுகை கொடுத்தால் போதும். புதிதாக அரங்கம் கட்டுவதைவிட அது பெரிய உதவி என்பது என் அபிப்பிராயம். அரங்கம் கட்டினால் திறப்பு விழாப் படம் வரும், சிற்றூழியர் நியமனத்துக்கு யார் படம் எடுப்பார்?

எங்கட மாவட்டங்களில் என்ன நடக்கிறது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். டிசம்பர் 3ஆம் திகதி சர்வதேச மாற்றுத்திறனாளிகள் தினம் வரும். பந்தல் போடுவார்கள், மாலை, மங்கள விளக்கு, அதிதிகள் உரை ஒரு மணித்தியாலம். பிறகு "விளையாட்டு நிகழ்ச்சி". ஊன்றுகோலோடு வந்தவரையும், ஒரு கை இல்லாதவரையும், சக்கர நாற்காலிக்காரரையும் ஒரே கோட்டில் நிறுத்தி விசில் அடிப்பார்கள். பலூன் ஊதி உடைத்தல், சங்கீதக் கதிரை. முதலாவது வந்தவருக்குச் சுடுதண்ணீர்ப் போத்தல். தூரத்தை யாரும் அளப்பதில்லை, நேரத்தை யாரும் எழுதுவதில்லை. நல்ல மனதோடு செய்கிறார்கள், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் அன்று அந்த மைதானத்தில் 12 மீற்றர் குண்டு போட்ட ஒருவன் இருந்திருந்தாலும் அது யாருக்கும் தெரியாமலே அவன் சுடுதண்ணீர்ப் போத்தலோடு வீட்டுக்குப் போயிருப்பான். ஓர் அளவுநாடாவும் ஒரு கொப்பியும் இருந்தால் அந்த நாளே மாவட்டத் தெரிவுப் போட்டி ஆகிவிடும். இதைக் கூட்டங்களில் சொல்லும்போதெல்லாம் தலையாட்டுவார்கள், பிறகு பலூன் வாங்கப் போவார்கள்.

அடுத்தது தூரம். தேசிய மட்டத் தெரிவுகள் பெரும்பாலும் கொழும்புப் பக்கம். மட்டக்களப்புக்காரனுக்கு ரயில் இருக்கிறது, ஆனால் பெட்டியின் படி எவ்வளவு உயரம் என்று ஊன்றுகோலோடு ஏறியவரைக் கேளுங்கள். அம்பாறை மாவட்டத்துக்கு ரயிலே இல்லை. பொத்துவிலிலோ அக்கரைப்பற்றிலோ இரவு பஸ் ஏறினால், சக்கர நாற்காலியை மடித்துக் கீழே சாமான் பெட்டிக்குள் போடுவார்கள், ஆளைத் தூக்கி இருக்கையில் வைப்பார்கள். மலசலகூடம் போக வேண்டிவரும் என்று மத்தியானத்திலிருந்தே தண்ணீர் குடிக்காமல் வந்த ஒரு பெண் பிள்ளையை எனக்குத் தெரியும். விடிய நான்கு மணிக்குக் கொழும்பில் இறங்கி, ஒன்பது மணிக்கு எறிய வேண்டும். உடம்பில் தண்ணீர் இல்லை, தூக்கம் இல்லை. பக்கத்தில் நின்றவர் முகாமில் படுத்து எழும்பி, குளித்து, சாப்பிட்டு வந்தவர். அவள் எறிந்தது தன் வழக்கமான தூரத்தைவிட இரண்டு மீற்றர் குறைவு. அட்டவணையில் அந்தக் குறைந்த தூரம்தான் பதிவாகியது.

சரி, மருமகனின் விசயத்துக்கு வருவோம். இதைத்தான் நீங்கள் முதலில் தேடியிருப்பீர்கள்.

நல்ல செய்தி முதலில். முழங்காலுக்குக் கீழே ஒரு கால் இல்லை என்றால் அவன் தகுதி பெறுவான், அதில் ஐமிச்சம் வேண்டாம். சுமித் அன்டிலும் மோட்டார் சைக்கிள் விபத்தில் முழங்காலுக்குக் கீழே கால் இழந்தவர்தான், 2015இல். விபத்தா, யுத்தமா, பிறவியா, சீனி வருத்தத்தில் எடுத்ததா என்று யாரும் பார்ப்பதில்லை. இருக்கும் உடம்பைத்தான் பார்ப்பார்கள். எங்கட பக்கத்தில் சீனி வருத்தத்தில் கால் எடுத்தவர்கள் "எனக்கு இது யுத்தக் காயம் இல்லையே" என்று தாங்களாகவே ஒதுங்கிப்போவதைக் கண்டிருக்கிறேன், அது தேவையில்லை.

அவனுக்கு இரண்டு வழி. செயற்கைக் கால் பூட்டி, ஓடிவந்து, நின்று எறிந்தால் எஃப் 64. இருக்கையில் கட்டிக்கொண்டு இருந்து எறிந்தால் எஃப் 57. எது என்பதை வகைப்படுத்தலுக்கு, அதாவது உடம்பைப் பரிசோதித்து வகுப்பைத் தீர்மானிக்கும் இடத்துக்கு, போகுமுன் தீர்மானிக்க வேண்டும், இரண்டிலும் கால் வைக்க முடியாது. எல்லாரும் ஈட்டியைத்தான் நினைப்பார்கள், பதக்கம் அதில் வந்ததால். நான் உங்கள் இடத்தில் இருந்தால் முதலில் இருந்து எறிவதைத்தான் முயன்று பார்ப்பேன்.

காரணம் சொல்கிறேன். நின்று எறிபவனுக்கு ஓடிவரும் வேகம் வேண்டும், எறிந்து நிற்கும்போது முழு உடம்பையும் முன்னங்கால் தாங்க வேண்டும். அதற்கு நல்ல பொருத்தமான செயற்கைக் கால் வேண்டும். எங்கட ஆட்கள் போடும் ஜெய்ப்பூர்க் கால் நடப்பதற்கு அருமையானது, வெறுங்காலோடு வயல் வரம்பிலும் போகலாம். ஓடி, ஊன்றி, எறியும் வேலைக்குச் செய்ததல்ல. அடித்துக்கொண்டே இருந்தால் வெட்டிய இடம் புண்ணாகும், புண் வந்தால் மாதக்கணக்கில் வீட்டோடு இருக்க வேண்டும். விளையாட்டுக்கென்று செய்த கால்கள் பல இலட்சம் ரூபா. இருந்து எறிபவனுக்கு இந்தச் செலவு இல்லை. தோளும், முதுகும், இடுப்பின் திருகலும்தான் முதல். தோணியில் இருந்து வீச்சு வலை எறிகிறவனுக்கு அந்தத் திருகல் ஏற்கெனவே உடம்பில் இருக்கிறது.

இதற்கு ஒரு முன்னுதாரணமும் இருக்கிறது. இந்தியாவின் ஹொகாட்டோ செமா, நாகாலாந்துக்காரர், 2002இல் கண்ணிவெடியில் இடது காலை முழங்காலுக்குக் கீழே இழந்தவர். குண்டு போடுதல் விளையாட்டைத் தொடங்கியதே முப்பது வயது தாண்டித்தான். பாரிஸில் எஃப் 57 குண்டு போடுதலில் 14.65 மீற்றர், வெண்கலம், 40 வயதில். அவரும் படைக்காரர்தான், நான் மேலே சொன்னதுக்கு அதுவும் ஒரு சாட்சி. ஆனால் 19 வயதுப் பொடியனுக்கு எவ்வளவு காலம் கையில் இருக்கிறது என்று யோசியுங்கள்.

எஃப் 57 ஆண்களுக்குக் குண்டு 4 கிலோ, ஈட்டி 600 கிராம், பரிதி வட்டம் 1 கிலோ. இவை பாடசாலைகளில் கிடைக்கக்கூடிய நிறைகள்தான், அதிபரிடம் கேட்டால் மாலையில் தருவார்கள். வாங்க வேண்டியது எறியும் இருக்கை மட்டும். அதையும் வாங்கத் தேவையில்லை, வெல்டிங் கடையில் செய்யலாம். செங்கலடிப் பக்கம் ஒரு கடையில் ஒன்று செய்வித்தபோது, படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஐயா, இது எந்தக் கோயில் வாகனத்துக்கு?" என்று கேட்டார் வெல்டிங்காரர். ஆனால் வேலை சுத்தம்.

அளவை ஒழுங்காகச் சொல்லிக் கொடுங்கள். இருக்கையின் மேல்மட்டம் நிலத்திலிருந்து 75 சென்ரிமீற்றருக்கு மேல் போகக் கூடாது, அது மெத்தையோடு சேர்த்து. மெத்தையை மறந்து இரும்பை 75க்கு வெட்டினால் போட்டியன்று வெளியே நிற்க வேண்டியதுதான். இருக்கை சதுரமாகவோ நீள்சதுரமாகவோ இருக்கலாம், எந்தப் பக்கமும் 30 சென்ரிமீற்றருக்குக் குறையக் கூடாது. மட்டமாக இருக்கலாம், பின்பக்கம் பதிந்தும் இருக்கலாம், முன்பக்கம் பதியக் கூடாது. வலது கையால் எறிபவன் இடது கையால் பிடிக்க நிமிர்ந்த கம்பி ஒன்று வைக்கலாம். அது ஒரே நேர்க் கம்பியாக, மூட்டும் வளைவும் இல்லாமல் இருக்க வேண்டும். நான்கு மூலையிலும் கொளுக்கி வையுங்கள், லொறியில் சாமான் இறுக்கும் பட்டியால் நிலத்து முளையோடு இழுத்துக் கட்ட வேண்டும். இருக்கை கொஞ்சம் ஆடினாலும் எறிதலின் பலம் அதற்குள்ளேயே போய்விடும். தொடையையும் இடுப்பையும் இருக்கையோடு பட்டி போட்டுக் கட்டிக்கொள்ளலாம், கட்டத்தான் வேண்டும், ஏனென்றால் எறியும்போது குண்டி இருக்கையை விட்டு எழும்பினால் அந்த எறிதல் செல்லாது. புதிதாக வருபவர்கள் எல்லாரும் விடும் பிழை அது. பட்டியைக் கட்டிவிட்டு, பக்கத்தில் ஒருவரைக் குனிந்து பார்க்கச் சொல்லி எறியப் பழக்குங்கள். போட்டியில் இருக்கையை ஒருமுறை கட்டினால் அந்த ஆள் தன் எறிதல்களை ஒரே மூச்சில் முடித்துவிட்டுத்தான் இறங்குவார், ஆறி இருந்து எறிய முடியாது. அதனால் பயிற்சியிலும் ஆறு எறிதல் தொடர்ந்து எறிந்து பழக வேண்டும்.

யார் யாருக்குத் தகுதி இல்லை என்பதையும் சொல்லிவைக்கிறேன், இதைப் படித்துவிட்டு வேறு வீடுகளிலும் கேட்பார்கள். ஒரு கண் மட்டும் போனவர்கள் பராலிம்பிக்கில் பார்வை வகுப்புக்குள் வரமாட்டார்கள், நல்ல கண்ணில் பார்வை இருந்தால் முடிந்தது. இரண்டு விரல் இல்லை, காலில் சன்னத் துண்டு கிடந்து குத்துகிறது என்பவர்களுக்கும் கிடைக்காது, நோவு எவ்வளவு கடுமையாக இருந்தாலும். காது கேளாதவர்களுக்குப் பராலிம்பிக்கில் இடமில்லை, அவர்களுக்கு டெஃப்லிம்பிக்ஸ் என்று தனி அமைப்பு, 1924இலிருந்து நடப்பது. அறிவுவளர்ச்சிக் குறைபாடுள்ள பிள்ளைகளுக்குச் சிறப்பு ஒலிம்பிக், அது 1968இல் தொடங்கியது, நோக்கமும் முறையும் வேறு. பராலிம்பிக்கிலும் அவர்களுக்குச் சில போட்டிகள் இருக்கின்றன. எங்கட பத்திரிகைகள் மூன்றையும் ஒரே தலைப்பின் கீழ் போடுவதால் சனம் தவறான கதவைத் தட்டிவிட்டு வீடு திரும்புகிறது.

வகைப்படுத்தலை விளையாட்டாக எடுக்க வேண்டாம். டோக்கியோவில் இந்தியாவின் வினோத் குமார் எஃப் 52 (இருந்து எறியும் இன்னொரு வகுப்பு) பரிதி வட்டத்தில் மூன்றாம் இடம் வந்தார். மற்ற நாடுகள் முறைப்பாடு செய்தன, திரும்பப் பரிசோதித்தார்கள், அந்த வகுப்புக்கு அவர் பொருந்தவில்லை என்று முடிவு செய்து வெண்கலத்தை எடுத்துவிட்டார்கள். ஒரு நாட்டின் கொண்டாட்டம் ஒரே இரவில் அவிந்தது. ஊரில் யாரோ ஒரு உத்தியோகத்தர் "இவன் எஃப் 57" என்று சொன்னதை வைத்துக்கொண்டு கனவு காணாதீர்கள். உள்ளூரில் கிடைப்பது தற்காலிக வகுப்பு. உறுதியான வகுப்பு வெளிநாட்டுப் போட்டி ஒன்றில், சர்வதேசக் குழுவின் முன்னால்தான் கிடைக்கும். அந்தப் போட்டிக்குத் தனியாளாகப் பெயர் கொடுக்க முடியாது, தேசிய பராலிம்பிக் குழுதான் அனுப்ப வேண்டும். குழுவின் கண்ணில் படத் தேசியப் போட்டியில் தூரம் காட்ட வேண்டும். தேசியப் போட்டிக்கு மாவட்டம், மாகாணம் என்று ஏறி வரலாம். சில வேளை கழகம் ஊடாக நேரடியாகவும் பெயர் கொடுக்க விடுவார்கள், அந்தந்த வருட அறிவித்தலைப் பார்க்க வேண்டும்.

எனவே இப்போதைக்குச் செய்ய வேண்டியது. உங்கள் பிரதேச செயலகத்தில் விளையாட்டு உத்தியோகத்தர் ஒருவர் இருப்பார், சமூக சேவை உத்தியோகத்தர் இன்னொருவர். இரண்டு பேரிடமும் பெயரைப் பதியுங்கள், ஒருவரிடம் சொன்னால் மற்றவருக்குப் போகும் என்று நம்பவேண்டாம். பொதுமக்கள் தினத்தில் போங்கள், மற்ற நாளில் அவர்கள் வெளிக்கள வேலையில் நிற்பார்கள். மருமகனையும் கூட்டிக்கொண்டு போங்கள். ஆளைக் காணாமல் எழுதிய பெயர் கொப்பியிலேயே கிடக்கும்.

ஆஸ்பத்திரியில் கால் எடுத்தபோது கொடுத்த டயக்னோசிஸ் காட், அதாவது நோய் விபர அட்டையைத் தேடி எடுத்து, இரண்டு போட்டோக் கொப்பி அடித்து வையுங்கள். பிறகு சர்வதேச வகைப்படுத்தலுக்கு வைத்தியர் ஆங்கிலத்தில் நிரப்பித் தரவேண்டிய படிவம் ஒன்று வரும், எந்த மட்டத்தில் வெட்டியது, எப்போது என்பதையெல்லாம் அந்த அட்டையைப் பார்த்துத்தான் எழுதுவார்கள். அட்டை தொலைந்திருந்தால் சத்திரசிகிச்சை நடந்த வைத்தியசாலையின் பதிவேட்டுப் பிரிவில் திகதியைச் சொல்லிக் கேட்கலாம், கட்டில் தலைச்சீட்டை, அதாவது வாட்டில் இருந்தபோது எழுதிய சிகிச்சைக் குறிப்பை, தேடி எடுத்துத் தருவார்கள். அதற்கு நாள் பிடிக்கும், அதனால் இந்தக் கிழமையே தொடங்குங்கள். இருக்கை செய்யுமுன் ஒரு பழைய மரக் கதிரையை முளையடித்துக் கட்டி, 4 கிலோக் குண்டை ஆறு முறை போடச் சொல்லி, ஆறையும் அளந்து திகதியோடு எழுதி எனக்கு அனுப்புங்கள். எட்டு மீற்றருக்கு மேல் போகிறதென்றால் வெல்டிங்காரருக்குப் படத்தை நான் வரைந்து தருகிறேன்.